உடைக்காமல் அறிதல்

(கல்லூரிக் கணிதத் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'காரணிகளும் பகா எண்களும்' என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பாடம் ஆயிற்றே என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். ஆறாம் வகுப்புப் பாடம்தான். அந்தப் பாடத்துக்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டும் என்பதே இன்று என் நோக்கம்.

'பகா எண்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நன்னூல் நினைவுக்கு வரும். பவணந்தி முனிவர் பதவியலில் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று வகுக்கிறார். 'மரம்' பகாப்பதம், பிரித்தால் பொருள் தராது. 'உண்டான்' பகுபதம், உண் என்ற பகுதி, ட் என்ற இடைநிலை, ஆன் என்ற விகுதி என்று பிரிந்துவிடும். ஒரு சொல் பகுபதம் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? பிரித்துப் பார்க்கிறோம், பிரிகிறது. பிரிவதை அறிவதும் பிரிப்பதும் அங்கே ஒரே செயல். எண்களுக்கும் அப்படித்தான் என்று எண்ணிவிடுகிறோம். 15 ஏன் பகு எண்? 3 பெருக்கல் 5 என்பதால். இதைத் தவிர வேறு விதமாகக் காரணம் சொல்ல முடியும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

எண்களின் நிலைமை வேறு. ஓர் எண் பகும் என்று ஐயமற அறிந்துகொள்ளலாம். அது எங்கே பகும் என்று ஒரு துளியும் தெரியாமல் இருக்கலாம். சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார், விரலால் சுண்டிப் பார்க்கிறார். முற்றல் என்று சொல்லிவிடுகிறார். ஓட்டை உடைக்கவில்லை. எண்களைச் சுண்டிப் பார்க்கும் கலை ஒன்று இருக்கிறது. அது உடைக்கும் கலையிலிருந்து முற்றிலும் வேறானது, அதைவிட மிக விரைவானது. இந்த ஒன்றைத்தான் பின்வரும் புள்ளிகளில் வளர்க்கப் போகிறேன்.

1. பள்ளிக்கூட வழியும் அதன் எல்லையும்

மடங்கு காண்பது எளிது. 7-இன் மடங்குகள் வேண்டுமா, வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டே போகலாம், முடிவே இல்லை. காரணி காண்பது திரும்பி வரும் பயணம். 91 எந்த வாய்பாட்டில் வருகிறது என்று கேட்டால் ஒவ்வொரு வாய்பாடாகத் தேட வேண்டும். ஒரே ஓர் ஆறுதல்: எண்ணின் வர்க்கமூலம் வரை தேடினால் போதும். ஒரு காரணி வர்க்கமூலத்தைவிடப் பெரிதானால் அதன் இணை சிறிதாகத்தான் இருந்தாக வேண்டும். ஆகவே 91-க்கு 2, 3, 5, 7 என்ற நான்கு பகா எண்களைச் சோதித்தால் வேலை முடிந்தது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் செய்த சல்லடையும் இதே அறிவின் மறுபக்கம். எண்களை வரிசையாக எழுதி, 2-இன் மடங்குகளை அடித்து, 3-இன் மடங்குகளை அடித்து, எஞ்சியவற்றைப் பகா எண்கள் என்று எடுத்துக்கொள்வது. மடங்குகள் எளிது என்பதைப் பயன்படுத்திக் காரணிகளின் கடினத்தைச் சுற்றிக்கொண்டு போகும் உபாயம் அது.

வகுபடும் தன்மைக்கான விதிகளையும் பள்ளியில் படித்தோம். இலக்கங்களைக் கூட்டினால் 9-இன் மடங்கு வந்தால் எண்ணும் 9-இன் மடங்கு. 10, 100, 1000 எல்லாமே 9-ஆல் வகுத்தால் 1 மீதி தருவன. அதனால்தான் இந்த விதி வேலை செய்கிறது. எனக்கு இன்னொரு விதி மிகவும் பிடிக்கும், பாடநூல்களில் அவ்வளவாக வருவதில்லை. 1001 என்பது 7 × 11 × 13. ஆகவே ஒரு பெரிய எண்ணை வலப்புறமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போனால், வரும் விடையை வைத்தே 7, 11, 13 மூன்றையும் ஒரே மூச்சில் சோதித்துவிடலாம். 2,62,262 என்ற எண்ணை 262, 262 என்று பிரித்துக் கழித்தால் சுழி, மூன்றாலும் வகுபடும்.

நம் பழைய அளவைகளிலும் காரணி அறிவு ஒளிந்திருக்கிறது. எண்சுவடிக் கணக்கில் மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, முந்திரி என்பது 320-இல் ஒன்று. 320-க்குப் 14 காரணிகள் உண்டு. அரை, கால், அரைக்கால் எல்லாம் முந்திரியில் முழு எண்ணாக விழும். ஆனால் 320-க்குள் 2-உம் 5-உம் மட்டுமே இருக்கின்றன, 3 இல்லை. மூன்றில் ஒன்றை முந்திரிக் கணக்கில் மிச்சமில்லாமல் சொல்ல முடியாது. மூன்று பேருக்குப் பங்கு பிரித்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரிந்திருக்கும்.

இந்த வழியெல்லாம் எதுவரை உதவும்? 2¹²⁸ + 1 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 39 இலக்கம். நொடிக்கு நூறு கோடி வகுத்தல் செய்யும் கணினியிடம் கொடுத்து, ஒவ்வொரு எண்ணாக வர்க்கமூலம் வரை வகுத்துப் பார் என்றால் 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 39 இலக்கம் இன்றைய தேவைக்கு மிகச் சிறிய எண். பள்ளிக்கூட வழி இங்கே நின்றுவிடுகிறது.

2. பொதுக் காரணி: உடைக்காத அறிவின் முதல் படி

மீப்பெரு பொது வகுத்தி, அதாவது மீ.பொ.வ., காண என்ன செய்கிறோம்? இரண்டு எண்களையும் பகாக் காரணிகளாகப் பிரித்து, பொதுவானவற்றைப் பெருக்குகிறோம். தேர்வுக்கு அது போதும். யூக்ளிட் தம் நூலின் ஏழாம் புத்தகத்தில் தந்த வழியில் காரணிப்படுத்தலே இல்லை. பெரியதைச் சிறியதால் வகு, மீதியை எடு, அந்த மீதியால் முந்தைய வகுஎண்ணை வகு, சுழி வரும்வரை செய்.

9797, 8633 என்ற இரண்டு எண்கள். பெரியதைச் சிறியதால் வகுத்தால் மீதி 1164. 8633-ஐ 1164-ஆல் வகுத்தால் மீதி 485. அடுத்து 194. அடுத்து 97. 97 என்பது 194-ஐ மீதியின்றி வகுக்கிறது. பொதுக் காரணி 97. ஐந்து வகுத்தல், இரண்டு எண்களில் எதையும் நான் தனியாக உடைத்துப் பார்க்கவில்லை. கி.பி. 499-இல் ஆரியபடர் தந்த குட்டக முறையும் இதே தொடர் வகுத்தலின் மீது நிற்பதுதான். குட்டகம் என்றால் இடித்துப் பொடியாக்குவது. எண்கள் படிப்படியாகச் சிறுத்துப் பொடியாகின்றன. பொதுவானதைத் தவிர வேறு காரணிகள் வெளியே வருவதில்லை.

இதன் வலிமை 2012-இல் உலகத்துக்கே தெரிந்தது. இணையத்தில் பொதுவெளியில் கிடக்கும் பாதுகாப்புச் சாவிகளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே லட்சக்கணக்கில் திரட்டின. ஒவ்வொரு சாவியும் இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கம். தனியாக எடுத்தால் எந்தச் சாவியையும் உடைக்க முடியாது. அவர்கள் சாவிகளுக்குள் மீ.பொ.வ. பார்த்தார்கள். சில கருவிகள் பகா எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது போதிய தற்செயல் இல்லாததால், வெவ்வேறு சாவிகளில் ஒரே பகா எண் விழுந்திருந்தது. பொதுக் காரணி வெளியே வந்தவுடன் இரண்டு சாவியும் திறந்துகொண்டன. தனியாக நின்றபோது அசையாத எண்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் பிளந்துவிட்டன.

பொதுக் காரணி என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. சு. சிவசங்கரநாராயண பிள்ளை 1901-இல் குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லத்தில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அடுத்தடுத்த முழு எண்களை வரிசையாக எடுத்தால், மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண் அவற்றுள் இருந்தே தீருமா என்று அவர் கேட்டார். 16 எண்கள் வரை கட்டாயம் இருக்கும் என்று நிறுவினார். 17 எண்களில் அது உடைகிறது: 2184 முதல் 2200 வரை. வீட்டுக்குப் போய்ச் சரிபாருங்கள். இரட்டை எண்களுக்கு 2 பொது. 2189-உம் 2200-உம் 11-ஐப் பகிர்கின்றன. 2197 என்பது 13 × 13 × 13. அது 2184-உடன் சேர்கிறது. ஒருவர்கூடத் தனித்து நிற்பதில்லை. 1950-இல், அமெரிக்கா செல்லும் வழியில், கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் பிள்ளை மறைந்தார். அவர் பிறந்த மாவட்டத்திலேயே பல மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

3. சுண்டிப் பார்த்தல்

1640-இல் பியர் டி ஃபெர்மா ஒரு கடிதத்தில் எழுதியது இது: பகா எண் ஒன்றை எடுங்கள், அதன் மடங்காக இல்லாத எந்த எண்ணையும், பகா எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்துங்கள், பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. பகா எண் 7 என்றால் 2⁶ = 64; 7-ஆல் வகுத்தால் மீதி 1. பகா எண்கள் எல்லாமே இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை. ஆகவே ஓர் எண் இதை மீறினால் அது பகா எண் ஆகாது.

91-ஐச் சுண்டிப் பார்ப்போம். 2⁹⁰-ஐ 91-ஆல் வகுத்தால் மீதி என்ன? 2¹² = 4096. 91 × 45 = 4095. ஆக 2¹²-க்கு மீதி 1. அப்படியானால் 2⁸⁴-க்கும் மீதி 1. மிச்சம் 2⁶ = 64. விடை 64, 1 அல்ல. முடிந்தது: 91 பகு எண். மூன்று வரி. 7 எங்கே வந்தது, 13 எங்கே வந்தது? வரவே இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் இடைத்தேர்வு ஒன்றில் '91 பகா எண்ணா? காரணம் கூறுக' என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி இந்த மூன்று வரிகளை எழுதி, 'ஆகவே பகு எண்' என்று முடித்திருந்தாள். 7 × 13 என்று எழுதவில்லையே என்று பாதி மதிப்பெண் போட்டேன். அவள் தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, "ஐயா, இதில் எந்த வரி தவறு?" என்று கேட்டாள். எந்த வரியும் தவறில்லை. முழு நிரூபணம் அது. என் மனத்தில்தான் இரண்டு கேள்விகளும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். இன்றைய பேச்சின் விதை அந்தத் தாளில்தான் விழுந்தது.

பெரிய எண்ணுக்கு இவ்வளவு உயர்ந்த அடுக்கை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்பீர்கள். வர்க்கம் எடுத்து வர்க்கம் எடுத்துப் போகலாம்: 2, 4, 16, 256 என்று அடுக்கு இரட்டித்துக்கொண்டே போகும், ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண் பெரிதாகாது. 300 இலக்க எண்ணுக்கு ஏறத்தாழ ஆயிரம் வர்க்கங்கள். கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம். வேலையின் அளவு இலக்கங்களின் எண்ணிக்கையோடு வளர்கிறது. எண்ணின் பருமனோடு வளர்வதில்லை. இதுதான் சூட்சுமம்.

4. இருபத்தேழு ஆண்டு இடைவெளி

சுண்டிப் பார்ப்பதற்கும் உடைப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைக் காட்ட ஒரு வரலாறு உண்டு. 1644-இல் பிரெஞ்சுத் துறவி மாரென் மெர்சென் ஒரு பட்டியல் தந்தார்: 2-இன் எந்தெந்த அடுக்குகளிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண் வரும் என்று. அதில் 67-உம் இருந்தது. 2⁶⁷ − 1 பகா எண் என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஏட்டில் நின்றது.

1876-இல் எடுவார் லூக்காஸ் அது பகு எண் என்று காட்டினார். காரணி எதையும் தரவில்லை; தரத் தெரியவும் இல்லை. அவர் தொடங்கி, பின்னர் டி. எச். லெமர் செப்பனிட்ட சோதனை ஒரு குழந்தைக்கும் சொல்லித்தரக்கூடியது. 4-இல் தொடங்கு. வர்க்கம் எடுத்து 2-ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள். மறுபடி அதையே செய். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்ததும் சுழி வந்தால் பகா எண். இல்லையென்றால் பகு எண். 2⁵ − 1 = 31: தொடக்கம் 4; பிறகு 14; பிறகு 194, மீதி 8; பிறகு 62, மீதி 0. பகா எண். 2¹¹ − 1 = 2047-க்கு ஒன்பது முறை செய்தால் 1736 மீதி நிற்கும். பகு எண். 1736 என்ற மீதியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் 23 × 89 என்பது அதில் எழுதப்பட்டிருக்கவில்லை.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். பிராங்க் நெல்சன் கோல் பேசவேண்டிய முறை. அவர் எழுந்து கரும்பலகைக்குப் போய் 2⁶⁷ − 1-ஐக் கணக்கிட்டு எழுதினார். பக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் கையால் பெருக்கினார். இரண்டு பக்கமும் 147573952589676412927 என்று ஒத்துப்போனது. ஒரு வார்த்தை பேசாமல் இருக்கையில் போய் அமர்ந்தார், அவை எழுந்து கைதட்டியது என்று எரிக் டெம்பிள் பெல் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். எத்தனை நாள் ஆயிற்று என்று பெல் கேட்டதற்கு, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல். லூக்காஸ் அறிந்ததற்கும் கோல் கண்டதற்கும் நடுவே 27 ஆண்டுகள்.

அந்தப் பெருக்கலைச் சரிபார்க்க அவைக்குச் சில நிமிடம் போதுமாக இருந்தது என்பதையும் கவனியுங்கள். காரணி கிடைத்துவிட்டால் காட்டுவது எளிது. கிடைப்பதுதான் அரிது.

முன்பு சொன்ன 39 இலக்க எண்ணும் இதே கதைதான். 2¹²⁸ + 1 பகு எண் என்று 1905-இலேயே தெரிந்துவிட்டது. அதை மாரிசனும் பிரில்ஹார்ட்டும் உடைத்தது 1970-இல். அறுபத்தைந்து ஆண்டு.

5. 1729 என்னும் பொய்ச்சாட்சி

ஃபெர்மாவின் சோதனையில் ஒரு குறை உண்டு. விதியை மீறினால் பகு எண் என்பது உறுதி. மீறாவிட்டால் பகா எண் என்று சொல்லிவிட முடியாது. அதே 91-ஐ 2-க்குப் பதில் 3-ஆல் சுண்டுங்கள். 3⁶ = 729 = 91 × 8 + 1. ஆகவே 3⁹⁰-க்கு மீதி 1. பகா எண் போலவே ஒலிக்கிறது! 2-ஆல் சுண்டினால் பிடிபடுகிற 91, 3-ஆல் சுண்டினால் ஏமாற்றிவிடுகிறது.

சில எண்கள் எதனால் சுண்டினாலும் ஏமாற்றும். 1910-இல் ராபர்ட் கார்மைக்கேல் இவற்றை ஆராய்ந்தார். அவர் பெயராலேயே வழங்குகின்றன. முதலாவது 561, இரண்டாவது 1105, மூன்றாவது நமக்கெல்லாம் தெரிந்த எண்: 1729. ராமானுஜன் மருத்துவமனையில் கணித அறிஞர் ஹார்டியிடம், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு வழியில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று சொன்னாரே, அதுவேதான். 1729 = 7 × 13 × 19. 6, 12, 18 மூன்றும் 1728-ஐ வகுக்கின்றன; அதனால்தான் 1729-உடன் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணால் சுண்டினாலும் மீதி 1 என்றே வரும். இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்று 1994-இல் ஆல்ஃபோர்டு, கிரான்வில், பொமரன்ஸ் மூவரும் நிறுவினார்கள்.

இவற்றைப் பிடிக்க கேரி மில்லரும் மைக்கேல் ராபினும் 1970-களில் ஒரு வழி தந்தார்கள். பகா எண்ணை வைத்து மீதி பார்க்கும்போது, வர்க்கம் எடுத்தால் 1 தரும் எண்கள் இரண்டே: 1-உம், பகா எண்ணில் ஒன்று குறைந்ததும். மூன்றாவதாக ஒன்று வந்தால் பகா எண் இல்லை. 1729-இல் 2²⁷-க்கு மீதி 645. வர்க்கம் எடுத்தால் 1065. மறுபடி வர்க்கம் எடுத்தால் 1. ஆக 1065-இன் வர்க்கம் 1 தருகிறது. 1065 என்பது 1-உம் இல்லை, 1728-உம் இல்லை. பிடிபட்டது.

இங்கே ஓர் அழகு இருக்கிறது. நான் வாதிடும் கருத்துக்கு ஒரு திருத்தமும்கூட. 1065-இலிருந்து 1-ஐக் கழித்த 1064-க்கும் 1729-க்கும் யூக்ளிட் முறையில் மீ.பொ.வ. பாருங்கள்: 133. 1729 = 133 × 13. காரணி கையில் வந்துவிட்டது! ஏமாற்றத் தெரிந்த எண், பிடிபடும்போது தன் உள்ளறையையும் திறந்துவிடுகிறது. ஃபெர்மா சோதனையிலேயே நேராகத் தோற்றுப்போகிற சாதாரணப் பகு எண் 'நான் பகு எண்' என்று ஒப்புக்கொள்கிறது. அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பாசாங்கு செய்பவை மிக அரியவை. அதனால் இந்தத் திறப்பை நம்பி எண்களை உடைக்கப் புறப்பட முடியாது.

ராபின் காட்டிய இன்னொன்று: பகு எண் ஒன்றை எந்த எண்ணால் சுண்டலாம் என்று தற்செயலாகத் தேர்ந்தால், ஏமாறும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் போகாது. இருபது முறை தனித்தனியே சுண்டினால், எல்லா முறையும் ஏமாறும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

6. கான்பூர், 2002

வாய்ப்பு என்ற சொல்லே இல்லாமல், எந்த எண்ணுக்கும், விரைவாக, உறுதியாகச் சொல்லும் சோதனை இருக்கிறதா? உறுதியான சோதனை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உண்டு. வில்சனின் தேற்றத்தை லக்ராஞ்சு 1771-இல் நிறுவினார்: ஓர் எண்ணுக்குக் கீழுள்ள எல்லா முழு எண்களையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அந்த எண்ணால் வகுபட வேண்டும், வகுபட்டால் பகா எண், இல்லையேல் இல்லை. ஆனால் 300 இலக்க எண்ணுக்கு அதற்குக் கீழுள்ள எல்லாவற்றையும் யார் பெருக்குவது?

2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து விடை வந்தது. மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பின்னிருவரும் அந்த ஆண்டுதான் இளநிலைப் பட்டம் முடித்தவர்கள். 2004-இல் அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழில் கட்டுரை வெளியானது. 2006-இல் கேடல் பரிசு.

அவர்கள் தொடங்கிய இடம் நமக்குப் பழக்கமானது. பிங்கலரின் சந்த நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் பத்தாம் நூற்றாண்டில் விளக்கிய மேரு பிரஸ்தாரம், பாடநூல்கள் பாஸ்கல் முக்கோணம் என்று சொல்வது. அதன் ஏழாம் வரிசையில் இரு முனைகளில் உள்ள 1-களை விட்டுவிடுங்கள்: 7, 21, 35, 35, 21, 7. எல்லாம் 7-இன் மடங்குகள். ஒன்பதாம் வரிசையில் 9, 36, 84 என்று போகும்; 84 ஒன்பதால் வகுபடாது. பகா எண்ணின் வரிசை மட்டுமே முழுக்க வகுபடும். ஆனால் பெரிய எண்ணின் வரிசை நீளம் அந்த எண் அளவே இருக்குமே? முழு வரிசையையும் பார்க்காமல், அதைச் சிறு வளையமாகச் சுருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக விழும் எண்களின் கூட்டலை மட்டும், போதுமான சில இடங்களில் சோதித்தாலே உறுதி கிடைக்கும் என்று மூவரும் நிறுவினார்கள். வளையம் எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதை இலக்கங்களின் எண்ணிக்கையே தீர்மானிக்கும். நிரூபணத்தை முதுநிலை மாணவர்கள் ஒரு வாரத்தில் படித்து முடிக்கலாம். படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நடைமுறையில் மில்லர்–ராபின் சோதனையே இன்னும் வேகமானது. அதனால் கணினிகளில் அதுவே ஓடுகிறது. கான்பூர் முறை தருவது வேறு: உறுதியும் விரைவும் ஒன்றாகக் கிடைக்கும் என்ற அறிவு.

அந்த முறையும் காரணியைத் தருவதில்லை. பகு எண் என்று சொல்லும், அதோடு நிற்கும்.

7. இடைவெளியே பூட்டாக

சுண்டுவதற்கும் உடைப்பதற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியை ரிவஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் 1977-இல் தகவல்களைக் காக்கும் பூட்டாக மாற்றினார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் ஆர்.எஸ்.ஏ. என்கிறோம். பூட்டுச் செய்பவர் இரண்டு பெரிய பகா எண்களைத் தேட வேண்டும். 309 இலக்க அளவில், ஒற்றை எண்களைத் தற்செயலாக எடுத்தால் ஏறத்தாழ 355-க்கு ஒன்று பகா எண். சுண்டிச் சுண்டிப் பார்த்து இரண்டைப் பொறுக்கிப் பெருக்கிவிடலாம். பெருக்கத்தை ஊருக்கே காட்டலாம். சுண்டுவது எளிதாக இருப்பதால் பூட்டைச் செய்ய முடிகிறது. உடைப்பது அரிதாக இருப்பதால் பூட்டு நிற்கிறது. இரண்டும் ஒரே வேலையாக இருந்திருந்தால் இந்தப் பூட்டே இல்லை.

அதே 1977-இல் மார்ட்டின் கார்ட்னர் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அவர்களுடைய 129 இலக்க எண்ணை அச்சிட்டார். உடைப்பவருக்கு 100 டாலர் பரிசு. 1994-இல், சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை இணைத்து வேலை செய்தபிறகு அது உடைந்தது. 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் உடைந்தது; ஒரே ஒரு கணினி மையக்கூறு அதைச் செய்வதாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 2,700 ஆண்டு வேலை. அதே சமயம், 2024 அக்டோபரில் பகா எண் என்று உறுதியான 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணுக்கு நான்கு கோடியே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள். 250-ஐயும் நான்கு கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெர்சென் வடிவ எண்களுக்கென்று தனிச் சோதனை இருப்பது இதற்கு உதவுகிறது என்பது உண்மைதான். அப்படியும் தூரம் மலைக்க வைக்கிறது.

பெரிய எண் எல்லாமே உடைக்க அரியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையில், தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களைத் தேடினார். அவர் பட்டியலின் கடைசி எண் 6746328388800. 13 இலக்கம், 10,080 காரணிகள். அதை உடைக்க ஆறாம் வகுப்பு மாணவனுக்கு அரைமணி நேரம் போதும். 1917-இல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து, ஓர் எண்ணுக்கு இயல்பாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்று கண்டார்கள். 300 இலக்க எண்ணுக்கு அவர்கள் கணக்கின்படி ஆறு, ஏழு. அவற்றுள் சில சிறியவையாகவே இருக்கும். பூட்டுக்குப் பயன்படும் எண்ணுக்கு மொத்தம் நான்கே காரணிகள்: 1, தான், நடுவே இரண்டு பெரிய பகா எண்கள். காரணி குறையக் குறைய எண் இறுகுகிறது.

இந்த இறுக்கம் இயற்கையானதா, நம் அறியாமையா? காரணிப்படுத்த விரைவான வழி இல்லை என்று இன்றுவரை எவரும் நிறுவவில்லை. 1994-இல் பீட்டர் ஷோர், குவாண்டம் கணினியில் விரைவாகச் செய்ய ஒரு வழி காட்டினார். அந்த அளவுக்குப் பெரிய இயந்திரம் இன்னும் கட்டப்படவில்லை. சாதாரணக் கணினிக்கும் ஒரு வழி எங்கேயாவது ஒளிந்திருக்கலாம். 2002-க்கு முன் பகா எண் சோதனையும் இதே நிலையில்தான் நின்றது. இளநிலை முடித்த கையோடு இருந்த இரண்டு மாணவர்களும் அவர்கள் ஆசிரியரும் அதைத் தீர்த்தார்கள். இந்த அவையிலும் இளநிலை முடிக்கப்போகிறவர்கள் இருக்கிறீர்கள்.

அதனால் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போகிறேன்: 2¹⁰⁴⁸⁵⁷⁶ + 1. முன்பு பார்த்த 2¹²⁸ + 1 போலவே இதுவும் ஃபெர்மா எண் என்ற வகையைச் சேர்ந்தது; சுழியிலிருந்து எண்ணினால் இருபதாவது. முழுதாக எழுதினால் 3,15,653 இலக்கங்கள் வரும். இது பகு எண் என்று 1987-இலேயே கணக்கிட்டு உறுதி செய்துவிட்டார்கள். இதன் காரணிகளில் ஒன்றைக்கூட இன்றுவரை எவரும் கண்டதில்லை. பலகையை நாளை வகுப்புவரை அழிக்காமல் வைத்திருக்கும்படி துறைத்தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.